அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய அந்த வரி

வாசகர் கடிதம்:

"என் மகளுக்கு 14 வயது. நன்றாகப் படிப்பவள், அதிகம் பேசமாட்டாள். போன வாரம் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவள் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆன்லைன் விளையாட்டில் பழக்கமான ஒருவனோடு நாலு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். தனக்கு 26 வயது என்று அவனே சொல்லியிருக்கிறான். முதலில் விளையாட்டுப் பேச்சு. பிறகு 'சாப்பிட்டியா, தூங்கினியா' என்று ஆரம்பித்து, 'இந்த ஆப் வேணாம், வேற ஆப்புக்கு வா' என்று கூட்டிப்போய், 'நமக்குள்ள இருக்கட்டும்' என்று சொல்லி, இப்போது போட்டோ கேட்கிறான். சாதாரணமாக எடுத்த மூன்று போட்டோ அனுப்பியிருக்கிறாள். கடைசியாக அவன் கேட்டது அந்த மாதிரி போட்டோ இல்லை, அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அனுப்பினாளா இல்லையா தெரியவில்லை. சில மெசேஜ்கள் தானாக அழிந்துபோகும்படி வைத்திருக்கிறார்கள். அந்த விளையாட்டில் அவள் தனக்கென்று வைத்திருக்கும் பொம்மை உருவத்தைப் பார்த்தால் இவளா இது என்று இருக்கிறது.

கோபத்தில் அடித்துவிட்டேன். ஐந்து நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் அவள் அப்பா போனை உடைத்துப் போடு என்கிறார். என் தம்பி, அவள் பேசுவது போலவே பேசி அவனை ஓரிடத்துக்கு வரவைத்துக் கவனித்துக்கொள்கிறேன் என்கிறான். பிள்ளைகளின் போனைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர் போடலாமா? என் பெண் ஏன் இப்படி ஆனாள்? (இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் உறவினர் ஒருவர் இவளிடம் தவறாக நடந்துகொள்ளப் பார்த்தார். அப்போதே கண்டித்துவிட்டோம். வெளியே தெரியக் கூடாது என்று இவளிடமும் சொல்லிவைத்தோம். இப்போதும் எப்போதாவது வந்துபோவார், ஆனால் இவளைத் தனியாக விடுவதில்லை. இவள் அதை மறந்துவிட்டாள். தகவலுக்காகச் சொல்கிறேன்.)"

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் போனைப் பற்றி நிறைய வரிகள் இருக்கின்றன. என் கண் போய் நின்றது அடைப்புக்குறிக்குள் 'தகவலுக்காக' என்று நீங்கள் போட்டதில்தான். அதற்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டிய சில வேலைகள் இருப்பதால் அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன் இப்போது உங்களிடம் இருக்கிறது. ஐந்து நாளாக அவனுக்குப் பதில் போகவில்லை. இப்படித் திடீரென்று பேச்சு நின்றால் சிலர் சத்தமில்லாமல் அடுத்த பிள்ளையைத் தேடிப் போய்விடுவார்கள். சிலர் மிரட்ட ஆரம்பிப்பார்கள். மிரட்டல் வந்திருக்குமோ என்று உங்கள் மகள்தான் இந்த ஐந்து நாளும் தனியாக நினைத்து நினைத்துப் பயந்துகொண்டிருப்பாள். ஆகவே இன்றே அந்தப் போனைத் திறந்து பார்க்க வேண்டும், ஆனால் அவளுக்குத் தெரியாமல் வேண்டாம். அவளை அருகில் உட்காரவைத்து, அவள் கையாலேயே திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

இருக்கிற பேச்சையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவனுடைய ஐடி, ப்ரொஃபைல் பக்கம், அதன் முகவரி, தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். விளையாட்டுக்குள் இருக்கும் பெயரும் வேண்டும், பிறகு போன ஆப்பில் உள்ள பெயரும் வேண்டும். பெரும்பாலும் இரண்டும் வேறு வேறாக இருக்கும். எடுத்து முடித்த பிறகு அந்தந்த ஆப்பிலேயே ரிப்போர்ட் செய்யுங்கள், அதன் பிறகு பிளாக் செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். பதற்றத்தில் நிறையப் பேர் முதலில் பிளாக் செய்துவிட்டு, பேச்சையும் அழித்துவிட்டு, மறுநாள் வெறுங்கையோடு புகார் கொடுக்கப் போகிறார்கள். கணக்கை மூடிவிடவும் வேண்டாம்.

ஒருவேளை அவள் அந்தரங்கமான படம் எதையாவது அனுப்பியிருந்தால், அதை உங்கள் போனுக்கோ, கணவருக்கோ, தம்பிக்கோ ஒருபோதும் அனுப்பாதீர்கள். ஆதாரம் என்று நினைத்துச் செய்வார்கள். ஆனால் சிறுவயதுப் பிள்ளையின் அப்படிப்பட்ட படம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனாலும் பல நாடுகளின் சட்டத்தில் அது தனிக் குற்றம். பெற்றோருக்குத் தானாக விலக்கு கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. படம் அவள் போனிலேயே இருக்கட்டும். மிரட்டிப் பணமோ இன்னொரு படமோ கேட்டால் கொடுக்கக் கூடாது. ஒன்று கொடுத்தால் அடுத்ததைக் கேட்பான், நிறுத்தமாட்டான்.

அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023 முதல் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவையை நடத்துகிறது. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்களுக்கானது அது. வேறு நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் கொடுக்க வேண்டியதில்லை. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதுமில்லை என்பதுதான் இதில் நல்ல விஷயம். அவள் போனிலேயே அந்தப் படத்துக்கு, கைரேகை மாதிரி, எண்ணும் எழுத்துமாக ஒரு அடையாளம் உருவாகும். அந்த அடையாளம் மட்டும் போகும். சேவையில் சேர்ந்திருக்கும் தளங்களில் அதே படத்தை யாராவது ஏற்றினால் அடையாளத்தை ஒப்பிட்டு நீக்குவார்கள். சேராத தளங்களிலும், இருவருக்கு மட்டும் தெரியும்படி பூட்டப்பட்ட தனிச் செய்திகளிலும் இது வேலை செய்யாது. என்றாலும், படம் இனி ஊரெல்லாம் போகுமோ என்று தூக்கமில்லாமல் கிடக்கும் ஒரு பிள்ளைக்கு, தன் கையால் செய்ய ஒரு வேலை இருப்பதே பெரிய ஆறுதல். அவளையே செய்யச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

புகார் கொடுப்பதா என்று நீங்கள் கேட்கவில்லை. கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. 26 வயது ஆள் 14 வயதுப் பிள்ளையிடம் அப்படிப் படம் கேட்பதே பல நாடுகளில் குற்றம், அவள் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும். போலீஸின் சைபர் பிரிவு, குழந்தைகளுக்கான உதவி எண் இரண்டில் எது உங்களுக்கு எளிதோ அங்கிருந்து தொடங்குங்கள். அவன் இவளிடம் மட்டும் பேசிக்கொண்டிருப்பவன் என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் தம்பியின் யோசனை வேண்டவே வேண்டாம். அவருடைய கோபம் புரிகிறது. ஆனால் அவள் பெயரில் அவர் பேசினால் அந்தப் பேச்சுப் பதிவு முழுவதும் கலந்துபோகும். எது அவள் எழுதியது, எது அவர் எழுதியது என்று நாளைக்கு யாருக்கும் சொல்லத் தெரியாது. வரவைத்த இடத்தில் எத்தனை பேர், எப்படி வருவார்கள் என்பதும் தெரியாது. இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தன் மாமா தன்னைப் போல நடித்து எழுதினார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வரும். தன் பெயரையும் பேச்சையும் எடுத்து ஆளாளுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

இனி அவனைப் பற்றி. இணையத்தில் பெண்பிள்ளைகளைக் குறிவைக்கிறவன் 16 வயதுப் பையன் வேஷத்தில் வருவான் என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படி வருகிறவர்களும் உண்டு. ஆனால் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் ஜானிஸ் வோலாக், டேவிட் ஃபிங்கெல்ஹார் முதலான ஆய்வாளர்கள், அமெரிக்காவில் கைதான ஆட்களின் வழக்குகளை எடுத்துப் பார்த்து 2008-ல் எழுதிய கட்டுரை இந்தக் கதையைக் கலைத்துப் போட்டது. இணையத்தில் அறிமுகமாகித் தொடங்கிய வழக்குகளில், தன்னைப் பதின்வயதுப் பையன் என்று சொல்லிக்கொண்டவர்கள் 5 சதவீதம்தான். பெரும்பாலானவர்கள் வயதை மறைக்கவே இல்லை. பிள்ளைகளும் பெரிய ஆளோடு பேசுகிறோம் என்று தெரிந்தே பேசினார்கள். அவர்களுக்கு அது ஏமாற்றாகத் தெரியவில்லை, நட்பாகவும் காதலாகவும் தெரிந்தது. கட்டுரை வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன, அப்போதிருந்த சாட் அறைகள் போய் விளையாட்டும் ஆப்பும் வந்துவிட்டன. என்றாலும் என் ஆலோசனை அறைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் பார்ப்பது இன்றும் இதைத்தான்.

'தெரியாதவங்ககூடப் பேசாதே' என்று சொல்லித்தானே வளர்த்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். நாலு மாதம் தினமும் பேசியவன் அவளுக்குத் தெரியாதவன் இல்லை.

நீங்கள் எழுதிய அந்த மெசேஜ்களையே வரிசையாக வைத்துப் பாருங்கள். 'சாப்பிட்டியா' என்பதில் தப்பு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை, அதனால்தான் அதில் ஆரம்பிக்கிறான். 'தூங்கினியா' என்று கேட்பவனுக்கு, ராத்திரி எத்தனை மணிக்கு அவள் விழித்திருக்கிறாள், பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்று நாலு நாளில் தெரிந்துவிடும். 'வேற ஆப்புக்கு வா' என்றால், விளையாட்டில் மற்றவர்கள் பார்க்க முடிகிற, நிர்வாகம் கவனிக்க முடிகிற இடத்திலிருந்து யாரும் பார்க்க முடியாத இடத்துக்கு வா என்று அர்த்தம். அழிந்துபோகிற மெசேஜும் அதற்குத்தான். சாதாரண போட்டோவைக் கேட்பது, அவள் மாட்டேன் என்று சொல்வாளா என்று பார்ப்பதற்கு. முதல் போட்டோவுக்கு அவன் நிறையப் பாராட்டியிருப்பான். மூன்றாவதற்குக் கொஞ்சம் குறைத்திருப்பான். இவளாகவே 'ஏன், பிடிக்கலையா?' என்று கேட்டிருப்பாள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது பாருங்கள், இதற்கு நெருங்கிய ஏதோ ஒன்று அங்கே இருக்கும்.

இதில் எந்தப் படியிலும் உங்கள் மகள் ஒரு கெட்ட காரியத்தைத் தேடிப் போகவில்லை. அவன் ஒவ்வொரு முறையும் அரை அடிதான் நகர்ந்திருக்கிறான். அரை அடிக்கு யாரும் கத்தமாட்டார்கள், பெரியவர்களான நாமும்தான்.

அந்தப் பொம்மை உருவத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஜென்னி நோல் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 14 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளைக் கணினித் திரையில் தங்களுக்கென்று ஓர் உருவத்தை அமைக்கச் சொன்னார்கள். உடல்வாகு, உடை எல்லாம் அவர்களே தேர்ந்தெடுக்கலாம். சிறுவயதில் துன்புறுத்தலுக்கு ஆளான பெண்களுக்கு இணையத்தில் தப்பான அணுகல்கள் அதிகம் வந்திருந்தன. கவர்ச்சியான உருவத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் அவை அதிகம் வந்திருந்தன. உடனே 'பார்த்தியா, உன் உடைதான் காரணம்' என்று இதை எடுத்துக்கொண்டு அவளிடம் போய்விடாதீர்கள். காரணம் அணுகுகிறவன்தான். எனக்கு இதில் தெரிவது வேறு. தன் உடம்பைப் பற்றி ஒரு பிள்ளைக்கு யாரோ ஒருவர், கேட்காமலேயே, ஒரு பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். 'உன்னிடம் மற்றவர்கள் பார்ப்பது இதைத்தான்' என்ற பாடம். அந்தப் பாடத்தை அவள் திரையில் எழுதிக் காட்டுகிறாள்.

அதே நோல் குழு 2013-ல் இன்னொரு ஆய்வை 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் வெளியிட்டது. இந்த முறை 251 பெண்பிள்ளைகள், அதே வயது. அவர்களில் பாதிப் பேருக்குச் சற்று அதிகமானவர்கள் துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானவர்கள் என்று அதிகாரபூர்வமாகப் பதிவானவர்கள். ஓராண்டுக்கு மேல் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், 30 சதவீதம் பேர் இணையத்தில் அறிமுகமான யாரையாவது நேரில் போய்ப் பார்த்திருந்தார்கள். சிறுவயதில் பாதிக்கப்பட்டவர்கள் இணையத்தில் ஆபத்தான பக்கம் அதிகம் போனார்கள், அப்படிப் போனவர்கள் நேரில் சந்திப்பதும் அதிகமாக இருந்தது. உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற முடிவும் அதில் இருக்கிறது. கண்காணிப்பு சாஃப்ட்வேர் வீட்டில் இருந்ததால் இந்தப் போக்கில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. பெற்றோரோடு நல்ல உறவும், பிள்ளை எங்கே, யாரோடு, என்ன செய்கிறது என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்ததும் மாற்றத்தைக் காட்டின.

ஆகவே சாஃப்ட்வேர் போடலாமா என்றால், ரகசியமாகப் போடாதீர்கள் என்பேன். சின்னக் குழந்தைக்கு அது ஒரு வேலி. 14 வயதுக்கு அது தாண்டிப் பார்க்க ஒரு சுவர். அவளோடு உட்கார்ந்து பேசி, ராத்திரி போன் எல்லோருடையதும் கூடத்தில்தான் இருக்கும் என்று முடிவு செய்யுங்கள். எல்லோருடையதும் என்பதில் உங்களுடையதும் சேர்த்தி. தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாதபடி விளையாட்டிலும் ஆப்பிலும் செட்டிங்கை மாற்றுவதை அவளே செய்து உங்களுக்குக் காட்டட்டும். போனை உடைப்பதால் உங்கள் கணவரின் கோபம் தீரும், அவ்வளவுதான். மறுநாள் தோழியின் போனில் லாகின் செய்வாள், அப்போது உங்களுக்கு ஸ்கிரீன்ஷாட்கூடக் கிடைக்காது. இன்னொன்று, சொன்னால் போன் போய்விடும் என்பதும் பிள்ளைகள் சொல்லாமல் மறைக்க ஒரு காரணம். அவன்களும் இதை நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள். 'உங்க வீட்ல தெரிஞ்சா போனைப் புடுங்கிடுவாங்க' என்பதையே மிரட்டலாகச் சொல்பவர்களும் உண்டு.

இப்போது அடைப்புக்குறி.

சில ஆண்டுகளுக்கு முன் 15 வயதுப் பெண் ஒருத்தியை, இதே போல ஆன்லைன் பழக்கம் என்று சொல்லி என்னிடம் அழைத்து வந்தார்கள். மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் நான் கொடுத்த தாளின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட்டுக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாவது முறை, கட்டம் போடுவதை நிறுத்தாமலேயே சொன்னாள்: "அன்னைக்கு அவரும் 'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னார். அப்புறம் அம்மா வந்து அவரைத் திட்டினாங்க. திட்டிட்டு என்கிட்ட வந்து அவங்களும் 'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க மேடம்."

அந்த அம்மா கெட்டவர் இல்லை. மகளின் பெயர் வெளியே போகக் கூடாது, நாளைக்கு யாரும் அவளை ஒரு மாதிரி பார்க்கக் கூடாது என்ற பயத்தில் சொன்னார். உங்களுக்கும் அதே பயம்தான் இருந்திருக்கும். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் காதில் என்ன விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். தொட்டவரும் அதையே சொன்னார், காப்பாற்ற வந்தவரும் அதையே சொன்னார். உங்கள் மகளின் கதையில் மூன்றாவதாக ஒருவன் வந்து 'நமக்குள்ள இருக்கட்டும்' என்கிறான். அந்த வாக்கியம் அவளுக்குப் புதிதாகவும் தெரிந்திருக்காது, ஆபத்தாகவும் தெரிந்திருக்காது. வீட்டிலேயே பழகிய வாக்கியம்.

அவள் மறந்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 12 வயதில் நடந்ததை 14 வயதில் மறப்பதில்லை. அதைப் பற்றிப் பேச இந்த வீட்டில் இடமில்லை என்று அவள் தெரிந்துகொண்டாள், அது வெளியிலிருந்து பார்க்க மறதி மாதிரியே இருக்கும். அந்த மனிதர் வரும் நாட்களில் அவள் என்ன செய்கிறாள் என்று கவனித்திருக்கிறீர்களா? குளிக்கப் போய் நெடுநேரம் வராமல் இருக்கிறாளா, தலைவலி என்கிறாளா, பரீட்சை இல்லாத நாளில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறாளா? தனியாக விடுவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிவதெல்லாம், அந்த ஆள் இன்னும் இந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார் என்பதுதான்.

ஆன்லைன் பழக்கத்துக்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வீட்டில் எந்தப் பிரச்சினையும் இல்லாத பிள்ளைகளும் இப்படிச் சிக்குகிறார்கள். ஆய்வு சொல்வதும் ஆபத்து கூடுதல் என்றுதான். பாதிக்கப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் இப்படி ஆவார்கள் என்று அது சொல்லவில்லை. ஆனால் 'ஏன் இப்படி ஆனாள்' என்று என்னைக் கேட்டுவிட்டு, பதிலின் ஒரு துண்டை நீங்களே கடைசியில் அடைப்புக்குறிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. உங்களுக்கும் உள்ளே எங்கோ அது தெரிந்திருக்கிறது.

அவளிடம் எப்படிப் பேசுவது? எதிரெதிரே உட்காரவைத்து விசாரணை மாதிரி வேண்டாம். துணி மடிக்கும்போது, இருவர் கையிலும் வேலை இருக்கும்போது, முகத்தை முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது பேசுங்கள். அடித்ததிலிருந்து ஆரம்பியுங்கள். "உன்னை அடிச்சது என் தப்பு. பயத்துல அடிச்சுட்டேன். அவன் உன்கிட்ட நடந்துகிட்டதுக்கு நீ பொறுப்பு இல்ல." இதைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். 'ஆனா நீயும்...' என்று ஒரு வால் சேர்க்கத் தோன்றும், சேர்த்தால் முன்னால் சொன்னதெல்லாம் வீண்.

பதில் வராது. அன்றைக்கு வராது, மறுநாளும் வராமல் போகலாம். பரவாயில்லை. படம் அனுப்பினாளா என்பதை மட்டும் தள்ளிப்போட முடியாது, அதை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அவன்கிட்ட ஏதாவது இருக்குன்னு உனக்குப் பயமா இருந்தா சொல்லு, அதை எடுக்க வழி இருக்கு. நான் அதைப் பார்க்கணும்னு இல்ல." அனுப்பினாயா என்று கேட்டால் இல்லை என்பாள். பயம் இருக்கிறதா என்று கேட்டால் உண்மை வர வாய்ப்பு அதிகம்.

அவனை அவளுக்குப் பிடித்திருக்கலாம். அதற்குத் தயாராக இருங்கள். பிளாக் செய்த அன்று அவள் அழுவாள், உங்கள் மேல் எரிந்துவிழுவாள். 'அவன் மட்டும்தான் என்கிட்ட பேசினான்' என்று சொன்னால், அதற்கு வாதாடாதீர்கள். அவள் அளவில் அது உண்மை. நாலு மாதம் ஒவ்வொரு ராத்திரியும் தூங்கினாயா என்று கேட்ட ஒருவன் போய்விட்டான். கேட்டது எதற்காக என்பது அவளுக்குப் புரிய இன்னும் நாளாகும், அதுவரை அது ஒரு இழப்புதான். அந்த நாட்களில் சாப்பாடும் தூக்கமும் குறைந்தாலோ, இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தாலோ, காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்கள்.

பழைய விஷயத்தை நீங்கள்தான் திறக்க வேண்டும், அவள் திறக்கமாட்டாள். அவளிடம் விவரம் எதுவும் கேட்க வேண்டாம். அதைக் கேட்கப் பயிற்சி உள்ளவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளோடு வேலை செய்யும் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துப் போங்கள், முதல் சந்திப்பிலேயே இந்த அடைப்புக்குறி வரியை அவரிடம் சொல்லிவிடுங்கள், ஆன்லைன் விஷயத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். பல நாடுகளில் அவருக்கு அதைப் புகாராகத் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை இருக்கும். அதை முன்கூட்டியே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அதற்குப் பயந்து மறைக்காதீர்கள். உங்கள் மகளிடம் நீங்கள் சொல்ல வேண்டியது சின்ன விஷயம்தான்: "அன்னைக்கு யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான் சொன்னது தப்பு. நீ யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம். என்கிட்டயும் சொல்லலாம்."

அதைச் சொல்வதற்கு முன்னால், நீங்களும் உங்கள் கணவரும் ஒரு காரியத்தை முடித்திருக்க வேண்டும். அந்த உறவினர் இனி வீட்டுக்கு வரக் கூடாது. 'தனியாக விடுவதில்லை' என்கிற ஏற்பாடு போதாது. உறவுக்குள் கேள்வி வரும், சிலர் பழைய கதையைக் கிளறுவதாகச் சொல்வார்கள். அதற்கு என்ன பதில் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அவருக்குப் போன் செய்து இனி வர வேண்டாம் என்று சொல்லும்போது, வெளியே போயோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டோ பேசாதீர்கள். அவள் இருக்கும் அறைக்குக் கேட்கிற மாதிரி, கூடத்தில் நின்று பேசுங்கள்.